வேப்பமர நிழலுக்கும் வடபுறச் சந்துக்கும் ஏற்ற செடிகள்

கேள்வி இதுதான். காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் ஒரு வீடு. வாசலுக்குக் கிழக்கே வயதான வேப்பமரம். வடபுறம் வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் நாலடிச் சந்து. போர் தண்ணீர் உப்பு. ரோஜா, செம்பருத்தி, இட்லிப்பூ எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று, ஒன்றும் நிற்கவில்லை. மரத்தடியில் எதுவும் வராது, மரத்தை எடுத்துவிடுங்கள் என்று பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். வெயிலும் இல்லாமல், நிறையத் தண்ணீரும் ஊற்ற முடியாத இடத்தில் வருஷக்கணக்கில் நிற்கிற மாதிரி என்ன வைக்கலாம்?

முதலில், தயவுசெய்து மரத்தை எடுக்காதீர்கள். சித்திரை வெயிலில் அந்த ஒரு மரம் உங்கள் வாசலுக்குக் கொடுக்கிற குளிர்ச்சியை வேறு எதை வைத்தும் ஈடுகட்ட முடியாது. அதன் அடியில் வளர்வதற்கும் செடிகள் இருக்கின்றன. இதுவரை நீங்கள் வைத்த மூன்றும் முழு வெயிலும் தவறாத தண்ணீரும் கேட்கிற செடிகள். இட்லிப்பூவுக்கு வேறொரு சிக்கலும் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த மாதிரி இடத்தில் செடி சாவது நிழலால் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் காய்ச்சல்தான், அதாவது மண்ணின் வறட்சிதான் கொல்கிறது. நிழலில் செடி மெதுவாக வளரும், பூ குறையும், அவ்வளவுதான். வேர் ஓடுகிற மண்ணில் ஈரம் இல்லை என்றால்தான் சாகும். ஒரு மழை நின்ற பிறகு வேப்பமரத்தடிக்குப் போய் மண்ணை விரலால் கிளறிப் பாருங்கள். மேலே நனைந்த சருகு, அதற்குக் கீழே ஒரு விரல் ஆழத்தில் புழுதி. சின்ன மழையை இலையும் கிளையுமே குடித்துவிடும். இறங்குகிற கொஞ்சத்தையும் மரத்தின் சல்லி வேர்கள் வாங்கிக்கொள்ளும். அந்தச் சல்லி வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் ஒரு அடிக்குள்தான் பின்னிக் கிடக்கின்றன, நாம் வைக்கிற செடியின் வேரும் அதே ஒரு அடியில்தான் பிழைக்க வேண்டும். சந்துப் பக்கம் கதை வேறு. அங்கே சன்ஷேடு மழையைத் தடுக்கிறது. போதாததற்கு வீடு கட்டியபோது கொட்டிய சிமெண்டுக் கலவையும் செங்கல் பொடியும் மண்ணுக்குள்ளேயே புதைந்து கிடக்கும்.

நம் பக்கத்து மழைக் கணக்கையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுச் சராசரி மழை ஆண்டுக்கு 900 மி.மீ.க்கு மேல். கோவையில் 700 மி.மீ.கூடத் தேறுவதில்லை. தாராபுரம், மூலனூர் பக்கம் அதிலும் குறைவு. தென்மேற்குப் பருவத்தில் மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கும்போது, பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு வருவது காற்றுதான். ஆனி, ஆடியில் அந்தக் காற்று மண்ணில் மிச்சமிருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும். நமக்கு நம்பகமான மழை ஐப்பசியும் கார்த்திகையும். ஆகையால் கேரளத்து வீடுகளில் மரத்தடியில் செழித்து நிற்பதைப் படத்தில் பார்த்துவிட்டு, அதே செடியை வாங்கி வந்து இங்கே வைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அங்கே இருப்பது ஈர நிழல், நம்முடையது காய்ந்த நிழல். பெரணி, ஆந்தூரியம், டிஃபன்பேக்கியா, கலாத்தியா எல்லாம் ஈர நிழலுக்கு உரியவை. தொட்டியில் வைத்து ஊற்றிக்கொண்டே இருந்தால் இருக்கும், தரையில் இருக்காது.

அப்படியென்றால் காய்ந்த நிழலுக்கு எங்கே போய் முன்மாதிரி தேடுவது? காங்கயத்துக்காரர் நீங்கள் தொலைவாகப் போகவே வேண்டாம். கொறங்காடு என்கிற மேய்ச்சல் காட்டைச் சுற்றி இருக்கிற கிளுவை வேலியின் அடியில் குனிந்து பாருங்கள். யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, எரு போடுவதில்லை, ஆடும் மாடும் உரசிக்கொண்டே போகின்றன. ஆனாலும் அந்த வேலிக்குள் பிரண்டை ஏறியிருக்கும், தண்ணீர்விட்டான் கொடி பின்னியிருக்கும், மருள் கூட்டமாக நிற்கும், சங்கஞ்செடி முள்ளோடு அடைத்திருக்கும். அந்த வேலியடியும் உங்கள் வேப்பமரத்தடியும் ஏறக்குறைய ஒரே இடம். அங்கே பிழைக்கிற செடிகள் தண்ணீரை எங்கே வைத்துக்கொள்கின்றன என்று பார்த்தால், தேர்வு செய்கிற வழி உங்களுக்கே பிடிபட்டுவிடும். பிரண்டை தண்டில் வைக்கிறது, தண்ணீர்விட்டான் கிழங்கில் வைக்கிறது, மருள் இலையிலும் தரைக்கடித் தண்டிலும் வைக்கிறது. நர்சரியில் பெயர் தெரியாத செடி ஒன்றைக் காட்டினால்கூட, பையை லேசாகத் தளர்த்தி வேரைப் பாருங்கள். வேர் தடித்து, கிழங்கு கட்டியிருந்தால் காய்ந்த நிழலுக்கு அதை நம்பலாம். மெல்லிய நார் வேரும் அகலமான மெல்லிய இலையும் இருந்தால் யோசித்து வாங்குங்கள்.

செடிக்குப் போகும் முன் உங்கள் இடத்தின் வெளிச்சத்தை ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். வெயில் அடிக்கிற நாளில் உச்சிப்பொழுதில் அந்த இடத்தில் ஒரு வெள்ளைத்தாளைத் தரையில் வைத்து, ஒரு முழம் மேலே கையைப் பிடியுங்கள். கை நிழல் விரல் விரலாகத் தெரிந்தால் அது அரை நிழல், பூச்செடிக்கும் இடம் உண்டு. விளிம்பு கலங்கி, கை என்று மட்டும் தெரிந்தால் வெளிச்ச நிழல், பாதிச் செடிகள் தாங்கும். நிழலே விழவில்லை என்றால் அடர் நிழல், அங்கே இலைக்காக மட்டும் செடி வைக்க வேண்டும். வேப்பமரத்தடி பெரும்பாலும் நடு ரகம். மாசி, பங்குனியில் வேம்பு இலை உதிர்க்கும்போது சில வாரங்களுக்கு நன்றாக வெயில் இறங்கும், பிறகு துளிர்த்து மூடிக்கொள்ளும். புங்கன், மா இரண்டும் வேம்பைவிட அடர்த்தி.

வடபுறச் சந்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வடக்குச் சுவர் என்றால் எப்போதும் நிழல் என்பது வட நாடுகளில் எழுதியதைப் படித்து வந்த எண்ணம். கோவை, காங்கயம், ஈரோடு எல்லாம் ஏறத்தாழ 11 பாகை வட அட்சத்தில் இருக்கின்றன. ஏப்ரல் 20 வாக்கில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வந்து, அதன் பிறகு வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் 23 வாக்கில்தான் திரும்பி வருகிறது. அதாவது சித்திரை தொடங்கி ஆடி முடியும் வரை உங்கள் வடபுறச் சந்தில் மத்தியான வெயில் நேராகவே இறங்கும். புரட்டாசியிலிருந்து மாசி வரை அங்கே வெயிலே எட்டாது. ஆண்டில் பாதி நாள் இருட்டு, சித்திரை முதல் நாலு மாதம் மிக உக்கிரமான வெயில். தை மாதம் நிழல் என்று நம்பி வைத்த செடி சித்திரையில் இலை கருகி நிற்பதற்குக் காரணம் இதுதான். சந்துக்கு வைப்பது இரண்டையும் தாங்குகிற செடியாக இருக்க வேண்டும்.

சந்தின் இந்த இரண்டு முகத்துக்கும் சேர்த்து ஈடுகொடுக்கிற முதல் செடி மருள். நம் கரட்டிலும் வேலியிலும் தானாக நிற்கிற நாட்டு மருளில் இலை குறுகி, ஓரம் உள்வாங்கி, குறுக்கே கரும்பச்சைப் பட்டை ஓடும். முன்பு அதன் நாரை எடுத்துக் கயிறு திரிப்பார்கள். நர்சரியில் பாம்புச் செடி என்று விற்கிற, மஞ்சள் விளிம்பும் அகல இலையும் கொண்டது இதன் ஆப்பிரிக்க உறவு. இரண்டும் அடர் நிழலையும் வெயிலையும் தாங்கும், உப்புத் தண்ணீரையும் ஓரளவு தாங்கும். தண்ணீர் தேங்கினால் மட்டும் அழுகும். வெயிலுக்குப் பழகாத செடியைப் பங்குனியில் கொண்டுபோய் வைத்தால் இலை வெளுத்துவிடும், ஐப்பசியில் வைத்தால் மெல்லப் பழகிக்கொள்ளும். ஒரு தொட்டிச் செடியைப் பிரித்தாலே ஐந்தாறு கன்றுகள் கிடைக்கும் என்பதால் சந்து முழுக்க வைக்கவும் பெரிய செலவில்லை.

அடர் நிழலுக்கு இன்னொன்று ஜீஜீ (ZZ) செடி. கிழக்கு ஆப்பிரிக்காவின் காய்ந்த காட்டடியில் வளர்வது. மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு மாதிரி தண்டு வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தண்ணீர் இல்லாமல் கிடக்கும், பளபளவென்று இருக்கும். வீட்டுக்குள் தொட்டிச் செடி என்று நினைக்கிறோமே தவிர, மரத்தடித் தரையிலும் நன்றாக வரும். நேர் வெயில் ஆகாது, அதனால் உங்கள் சந்துக்கு வேண்டாம், வேப்பமரத்தின் தூரிலிருந்து மூன்றடி தள்ளி வையுங்கள். குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பூச்செடிகள். அரை நிழலில் பூக்கிற, காய்ச்சலும் தாங்குகிற செடி என்றால் என் முதல் தேர்வு டிசம்பர் பூ. மார்கழி வந்தால் நம் ஊர்ப் பெண்கள் தலையில் ஊதாவும் வெள்ளையும் கோடு போட்டதுமாக இருக்குமே, அதேதான். கோடையில் அது இருக்கிற இடமே தெரியாது, இலை சுருங்கிச் சோர்ந்து நிற்கும், ஆனால் சாகாது. ஐப்பசி மழை விழுந்ததும் எழுந்து, கார்த்திகையில் மொட்டுக் கட்டி, மார்கழி, தை முழுக்கப் பூக்கும். அதாவது நம் மழைக்கும் அதன் பூப்புக்கும் கணக்குச் சரியாக ஒத்துப்போகிறது. பூ ஓய்ந்ததும் மாசியில் முழங்காலுக்குக் கீழே வெட்டிவிட்டால் அடுத்த வருஷம் அடர்ந்து வரும். வெட்டிய குச்சியை நிழலில் ஊன்றினால் அதுவே புதுச்செடி. இதன் கூடப்பிறந்தது மாதிரி செம்முள்ளி, மஞ்சள் பூவும் இலையடியில் கூரான முள்ளும் கொண்டது. தண்ணீர் இன்னும் குறைவாகக் கேட்கும். சுவர் ஓரமாக வேலி போல வைக்கலாம், நடைபாதைக்குப் பக்கத்தில் வேண்டாம்.

கனகாம்பரம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான செடி, மர நிழலில் வளர்ந்தே பழக்கப்பட்டது. முழு வெயிலில் பூவின் நிறம் வெளிறும், சிதறின நிழலில் ஆரஞ்சு நிறம் அப்படியே நிற்கும். டிசம்பர் பூவைவிடத் தண்ணீர் கொஞ்சம் கூட வேண்டும், கோடையில் வாரம் ஒருமுறையாவது. ஆகவே குளியலறைத் தண்ணீரோ கை கழுவுகிற தண்ணீரோ போகிற பக்கமாக, சோப்பு அதிகம் கலக்காத இடத்தில் வையுங்கள். நாட்டுக் கனகாம்பரம் விதை தெறித்துத் தானாகப் பரவும். மழை விழுந்த அன்றைக்கு முற்றின கதிர்கள் படபடவென்று வெடிப்பதைக் காதாலேயே கேட்கலாம். டெல்லிக் கனகாம்பரத்தில் பூ பெரிது, விதை கட்டாது, குச்சியில்தான் பெருக்க வேண்டும். இந்த இடத்துக்கு நாட்டு ரகம் போதும். அதுதான் தன் வாரிசைத் தானே பார்த்துக்கொள்ளும்.

உயரமாக ஒரு புதர் வேண்டும் என்றால் நந்தியாவட்டை. வெயிலில் பூக்கிற அளவு பூக்காது, ஆனால் கரும்பச்சை இலையும் அங்கங்கே வெள்ளைப் பூவும் நிழலில்தான் எடுப்பாகத் தெரியும். அடுக்கு நந்தியாவட்டையைவிட ஒற்றை இதழ் வகை காய்ச்சலை நன்றாகத் தாங்குகிறது என்பது என் அனுபவம். சில நாளில் இலையெல்லாம் நடு நரம்பு மட்டும் மிஞ்சி, அடியில் மிளகளவுக்குக் கரிய எச்சம் விழுந்து கிடக்கும். மேலே தேடினால் விரல் தடிமனில் பச்சைப் புழு ஒன்று இருக்கும். தலைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் நீலக் கண் வரைந்த மாதிரி பொட்டு, வால் பக்கம் ஒரு கொம்பு. பயந்து மருந்து அடிக்காதீர்கள். அது பச்சையும் ரோஸும் கலந்த அழகான பெரிய அந்துப்பூச்சியின் புழு, செடி இரண்டு வாரத்தில் மறுபடி துளிர்த்துவிடும்.

விரியாத செம்பருத்தி என்று ஒன்று இருக்கிறது, சிவப்பு மிளகாய் தொங்குகிற மாதிரி பூ மடிந்தே இருக்கும். சாதாரணச் செம்பருத்திக்கு உங்கள் மரத்தடி ஆகாது, இது அதே இடத்தில் வருஷம் முழுக்கப் பூக்கும். மாவுப்பூச்சித் தொல்லையும் இதில் குறைவு. தேன்சிட்டுகள் காலையில் வந்து பூவின் அடியைக் குத்தித் தேன் குடிக்கும். ஆளுயரத்துக்கு மேல் போகும் என்பதால் வருஷம் ஒருமுறை வெட்ட வேண்டும்.

ஆடாதோடை எந்தக் கஷ்டத்துக்கும் அசராத செடி. வெள்ளாடு கட்டியிருக்கிற வீட்டில் வேறு எந்தச் செடியும் தப்பாது, இதை மட்டும் ஆடு மோந்துவிட்டுப் போய்விடும். சளிக்கும் இருமலுக்கும் வீட்டிலேயே கைமருந்து. கட்டுத்தறைக்கும் வீட்டுக்கும் நடுவே மறைப்பு வேண்டுமானால் இதைவிட நல்லது தெரியவில்லை. குச்சியை ஊன்றினாலே வந்துவிடும். பவளமல்லியும் பாதி நிழலில் வரும், ஆனால் மரமாகவே எழும்பிவிடும் என்பதால் நாலடிச் சந்தில் வைக்காமல் மரக்கிளை முடிகிற வெளி விளிம்பில் வையுங்கள்.

பொறுமை இருப்பவர்களுக்கு ஒரு செடி சொல்கிறேன்: காட்டுக் குருந்து. நம் காய்ந்த காடுகளில் பெரிய மரங்களுக்கு அடியில் வளர்கிற எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசம், கோலிக்குண்டு அளவுக்குக் காய். நிழல், காய்ச்சல், சுண்ணாம்பு மண் மூன்றையும் தாங்கும். ரொம்ப மெதுவாக வளரும், முதல் இரண்டு வருஷம் வளர்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும். வேர் பிடித்துவிட்டால் உங்கள் பேரப்பிள்ளைகள் காலம் வரை நிற்கும். கருநீல இறக்கையில் வெளிர்நீலப் பட்டை போட்ட பெரிய வண்ணத்துப்பூச்சி இதில் முட்டையிட வரும். சாதாரண நர்சரிகளில் அரிது, நாட்டு மரக்கன்று வளர்ப்பவர்களிடம் சொல்லி வையுங்கள்.

வேலிச் செடிகளில் பிரண்டையைக் கட்டாயம் வையுங்கள். இரண்டு கணு உள்ள துண்டை ஒரு நாள் காயவைத்து ஊன்றினால் போதும். மரத்தில் ஏற விடாமல் சுவரில் நாலு ஆணி அடித்துக் கயிறு கட்டிவிடுங்கள், வடபுறச் சந்தின் காம்பவுண்டு சுவர் அதற்குப் பொருத்தமான இடம். இளங்கொழுந்தாகப் பறித்து நாரெடுத்துத் துவையல் அரைக்கலாம். அரியும்போது கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளாவிட்டால் அரிக்கும், புளி சேர்த்து வதக்காவிட்டால் நாக்கும் அரிக்கும். தண்ணீர்விட்டான் பச்சைப் பஞ்சு மாதிரி இலையோடு கொடியாக ஏறும். கடுங்கோடையில் காய்ந்து சருகாகி, செத்தது என்று நினைக்க வைக்கும். பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். மண்ணுக்கடியில் விரல் விரலாகக் கிழங்கு தொங்கிக்கொண்டிருக்கும், மழை வந்ததும் புது முளை கிளம்பும்.

மூலனூர் பக்கத்துக்காரருக்குக் கண்வலிக் கிழங்கைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, காடு காடாகப் பயிர் செய்கிறார்கள். நமது மாநில மலரான செங்காந்தள்தான் அது. மரத்தடியின் வெளி விளிம்பில், காலை வெயில் படுகிற பக்கமாக ஒரு கிழங்கு வைத்தால் மழைக்காலத்தில் ஏறிப் பூத்து, பிறகு காய்ந்து மண்ணுக்குள் உறங்கும். ஆனால் கிழங்கு, விதை, இலை எல்லாமே கொடிய விஷம். கன்றுக்குட்டியோ சின்னக் குழந்தையோ இருக்கிற வீட்டில் வைக்கவே கூடாது. அழகுக்காக அந்த ஆபத்தை யாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

தரையை மூடுவதற்கு ரியோ என்கிற, இலையின் மேல்பக்கம் பச்சையும் அடிப்பக்கம் ஊதாவுமான செடி நன்றாக வரும். ஸ்பைடர் செடியும் வரும், அதன் வேரில் வெள்ளைக் கிழங்குகள் இருக்கும். ஆனால் உப்புத் தண்ணீர் ஊற்றினால் இலை நுனி கருகும். கற்பூரவல்லி வெளிச்ச நிழலில் மெத்தென்று படரும். மழைக்குப் பூக்கிற லில்லிக் கிழங்குகளை மர விளிம்பில் அங்கங்கே புதைத்துவிட்டால் முதல் மழைக்குப் பிறகு ரோஸும் வெள்ளையுமாக எழும். புல்தரை ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். வேப்பமரத்தடியில் கொரியன் புல்லோ வேறு புல்லோ நிற்காது, தண்ணீர் செலவுதான் மிஞ்சும். தரையில் செடி அடர்ந்தால் பாம்பு வரும் என்ற பயம் உங்களுக்கு இருக்கும். நம் பக்கம் அது நியாயமான பயம்தான். வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு அடியும், நடக்கிற வழியில் இரண்டடியும் வெறுந்தரையாக விடுங்கள், வாசற்படிக்குப் பக்கத்தில் முழங்காலுக்கு மேல் அடர்கிற எதையும் வைக்காதீர்கள்.

வைக்கக்கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். உன்னிச்செடி எங்கும் வரும், நிழலிலும் வரும், அதனாலேயே வேண்டாம். சத்தியமங்கலம் காட்டில் அது பரவி நாட்டுச் செடிகளை அமுக்கியிருப்பதைப் பார்த்தவர்கள் வீட்டுக்குள் கூப்பிட மாட்டார்கள். அரளி, மருதாணி, குரோட்டன் மூன்றும் காய்ச்சலைத் தாங்கும் என்பதால் ஆசைப்படுவோம், ஆனால் நிழலில் கொக்கு மாதிரி நீண்டு, அரளி பூக்காது, குரோட்டன் நிறம் கட்டாது. ஆவாரையும் பூளையும் பொங்கலுக்கு நாம் கட்டுகிற காப்புக்கட்டுக்கு வேண்டியவை, வீட்டிலேயே இருந்தால் நல்லதுதான். அவற்றை வாசலின் வெயில் பக்கத்தில் வையுங்கள்.

நடுகிற காலம் செடித் தேர்வைப் போலவே முக்கியம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது காட்டு வெள்ளாமைக்குச் சொன்னது. மரத்தடிச் செடிக்கு ஆடிக் காற்று ஆகாது. புரட்டாசிக் கடைசியில் குழி எடுத்து வைத்துக்கொண்டு, ஐப்பசியில் முதல் நல்ல மழை இறங்கியதும் நடுங்கள். கார்த்திகை ஈரத்திலும் மார்கழிக் குளிரிலும் நாலு மாதம் வேர் ஓடிவிட்டால், சித்திரையைச் சந்திக்கச் செடிக்குத் தெம்பு வந்துவிடும். பெரிய தொட்டிச் செடியாகப் பார்த்து வாங்காதீர்கள். சின்னக் கவர்ச்செடிதான் மரவேர்களுக்கு நடுவே இடம் பிடித்துக்கொள்ளும், அதற்கு வேண்டிய குழியும் சின்னது. கடப்பாரையால் குத்திப் பார்த்து, கட்டைவிரலைவிடத் தடித்த வேர் தட்டுப்பட்டால் குழியை நகர்த்துங்கள், வேரை வெட்டாதீர்கள். தூரிலிருந்து மூன்றடியாவது தள்ளி நடுங்கள். மரத்தடியில் லோடு மண் கொட்டி உயர்த்திப் பாத்தி கட்டுகிறார்கள், அது மரத்தின் வேருக்கு மூச்சு முட்டும், தூரும் அழுகும். ஒரு வருஷத்துக்குள் அந்தப் புது மண்ணையும் வேப்பவேர் பிடித்துவிடும் என்பது வேறு.

சந்தில் மட்டும் மண்ணை மாற்றத்தான் வேண்டும். முக்கால் அடி ஆழத்துக்குக் கட்டட இடிபாட்டை அள்ளிவிட்டு, செம்மண்ணும் மக்கின எருவும் சரிபாதி கலந்து போடுங்கள். நம் பக்கம் தென்னை நார்க்கழிவு மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் பச்சையாகப் போடக்கூடாது. அதில் உப்பும் துவர்ப்பும் இருக்கும். மக்க வைத்ததோ, நல்ல தண்ணீரில் பலமுறை அலசியதோதான் போட வேண்டும். தேங்காய் மட்டைகளைக் குழிக்கு அடியில் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கினால் ஈரத்தைப் பிடித்து வைக்கும். வேப்பஞ்சருகைக் கூட்டி எரிக்காமல் அப்படியே மூன்று விரல் கனத்துக்குப் பரப்பிவிடுங்கள், தூரை மட்டும் ஒட்டாமல். ஆடியில் வேப்பங்கொட்டை விழுந்து கன்றாக முளைக்கும், சின்னதாக இருக்கும்போதே பிடுங்கிவிட்டால் சுலபம்.

தண்ணீர் விஷயத்தில் தினமும் ஒரு சொம்பு தெளிப்பதால் எந்தப் பிரயோசனமும் இல்லை. அது மேல்மண்ணை நனைத்து, மரவேரை மேலே இழுத்துக்கொண்டு வந்துவிடும். முதல் கோடையில் வாரம் ஒருமுறை, ஒவ்வொரு செடிக்கும் ஒரு குடம், மெதுவாக இறங்கும்படி. இரண்டாம் கோடையில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை. அதற்குப் பிறகு மருளும் பிரண்டையும் உங்களை எதிர்பார்க்காது, டிசம்பர் பூவுக்கும் நந்தியாவட்டைக்கும் சித்திரை, வைகாசியில் மட்டும் கொடுத்தால் போதும். ஊருக்குப் போய்விடுகிற வீடு என்றால், மெருகு போடாத மண்பானையைக் கழுத்து வரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடிவிடுங்கள், கசிந்து கசிந்து வேருக்கு ஈரம் கிடைக்கும். தண்ணீர் சுத்திகரிப்புக் கருவியிலிருந்து வெளியேறுகிற கழிவுநீரை மட்டும் தனியாக ஊற்றாதீர்கள், போர் தண்ணீரின் உப்பு அதில் இன்னும் அடர்ந்திருக்கும். ஐப்பசி மழை நன்றாகப் பெய்தால் வருஷம் முழுக்கச் சேர்ந்த உப்பை அதுவே கீழே கழுவிவிடும், அந்த மழை சந்துக்குள் விழும்படி மாடித் தண்ணீர்க் குழாய் ஒன்றை அங்கே திருப்பிவிட முடிந்தால் ரொம்ப நல்லது.

கடைசியாக இட்லிப்பூ. அது புளிப்புத்தன்மை உள்ள மண்ணைக் கேட்கிற செடி. நம் பக்கத்தில் தோண்டினால் சுக்கான் கல் என்கிற சுண்ணாம்புக் கல் வருகிற மண், ஊற்றுவது உப்புத் தண்ணீர். இரண்டும் சேர்ந்தால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக, இலை மஞ்சளாகி, நுனி கருகி, மெல்லச் சாகும். உங்கள் செடியும் இப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். நிழலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆசை விடவில்லை என்றால் தொட்டியில் செம்மண்ணும் மக்கின இலையுரமும் போட்டு, காலை வெயில் படுகிற திண்ணை ஓரம் வையுங்கள். பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரோ ஊற்றினால் உப்புச் சேராது. போர் தண்ணீர் மட்டும் அதற்கு வேண்டாம்.